பொங்கலுக்கு வரும் எம்பிமாருக்கு, வெளிநாட்டுச் சம்பளம் பற்றி ஒரு திறந்த மடல்

ஹரோ, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ரூட்டிங், குறொய்டன் பக்கங்களில் தமிழர் வாக்கும் வாங்கி வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போயிருக்கிற மதிப்புக்குரிய எம்பிமாருக்கு,

வணக்கம். தை பிறந்தால் எங்கள் மண்டபங்களுக்கு வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, மேடையில் இரண்டு சொல் தமிழில் சொல்கிறீர்கள், நாங்களும் கைதட்டுகிறோம். அந்த உரிமையில்தான் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பார், இல்லாவிட்டால் தொகுதியில் யாரைக் கேட்டாலும் வாசித்துச் சொல்வார்கள். அவர்களில் பலருக்கு இது சொந்த வீட்டு விஷயம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே விளக்கமும் சொல்வார்கள்.

வெளிநாட்டில் வேலை செய்யும் பிரித்தானியப் பிரஜை ஒருவர், அங்கே கட்டிய கணவனையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு நாடு திரும்ப நினைத்தால் தன் வருமானத்தை இரண்டு தடவை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். விசா விதி கடுமையாக இருக்கிறது என்று பொதுவாக அழுகிற மடல் இல்லை இது. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக் கதைக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை.

குடும்ப விசாவுக்கான விதிகள் பிரித்தானியக் குடிவரவு விதிகளின் எஃப்எம் என்ற பின்னிணைப்பில் இருக்கின்றன. அதற்கு வால் மாதிரி எஃப்எம்-எஸ்ஈ என்று இன்னொன்று உண்டு. எந்தக் கடதாசி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். வருமான எல்லை 2012 ஜூலை 9இல், தெரேசா மே உள்துறையைப் பார்த்த காலத்தில் வந்தது. அப்போது ஸ்பொன்சர் செய்பவர், அதாவது துணையைக் கூப்பிடுபவர், ஆண்டுக்கு 18,600 பவுண்ஸ் உழைக்க வேண்டும் என்றார்கள், 2024 ஏப்ரல் 11 முதல் அதை 29,000 ஆக்கினார்கள். லண்டனில் ஒரே இடத்தில் வேலை செய்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் அதற்குப் பொருந்தும் பாங்க் ஸ்டேட்மென்டையும் முதலாளியின் கடிதத்தையும் காட்டினால் சம்பளக் கணக்கு முடிந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவருக்கு அப்படி இல்லை. அவர் அந்த வெளிநாட்டு வேலையிலேயே 29,000 பவுண்ஸ் அளவுக்கு உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது போதாதென்று, திரும்பி மூன்று மாதத்துக்குள் தொடங்கும் ஒரு வேலை பிரித்தானியாவில் உறுதியாகியிருக்க வேண்டும், அந்த வேலையின் சம்பளமும் 29,000க்குக் குறையக் கூடாது. இரண்டில் ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் விண்ணப்பம் நிற்காது.

இதை முதலில் வாசித்தபோது நான் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இல்லை, விதி அப்படித்தான்.

என் நிலைமையைச் சொல்கிறேன். சின்ன வயதில் அம்மாவோடு லண்டன் வந்து, அங்கேயே படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, சில காலம் அங்கே கணிதம் படிப்பித்தேன். பிறகு கொழும்புக்கு வந்து ஒரு சர்வதேசப் பாடசாலையில் சேர்ந்தேன். இங்கேயே கல்யாணம், இங்கேயே ஒரு மகள், அவளுக்கும் பிரித்தானியப் பாஸ்போட். கணவர் கணக்காளர். ஹரோவில் அம்மா தனியே இருக்கிறார், மாடிப்படி ஏற முடியாமல் முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கிறார், அதனால்தான் திரும்பும் யோசனை. லண்டனில் கணித ரீச்சருக்குத் தட்டுப்பாடு. வேலை தருகிறோம் என்று ஒரு பாடசாலை சொல்லிவிட்டது. உள் லண்டனில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கே 2025 செப்டெம்பர் முதல் ஆண்டுக்கு 40,317 பவுண்ஸ் என்பது உங்கள் அரசாங்கம் போட்ட சம்பளம்தான். உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸ் கேட்கும் 29,000ஐ அது எப்போதோ தாண்டிவிட்டது.

ஆனால் கொழும்பில் எனக்கு மாதம் இரண்டரை இலட்சம் ரூபாய். இங்கே அது மரியாதையான சம்பளம், வாடகை கட்டி, பிள்ளையைப் படிப்பித்து, மிச்சமும் பிடிக்கலாம். ஆண்டுக்கு முப்பது இலட்சம். ஒரு பவுண் 400 ரூபாய் என்று போட்டால் 7,500 பவுண்ஸ். 29,000 வேண்டுமென்றால் நான் இங்கே மாதம் ஒன்பதரை இலட்சத்துக்கு மேல் உழைக்க வேண்டும். கொழும்பில் எந்த ரீச்சருக்கு ஒன்பதரை இலட்சம் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், லண்டன் யோசனையை விட்டுவிட்டு நான் அங்கேயே விண்ணப்பித்துவிடுவேன்.

சரி, இதற்கு ஹோம் ஒபிஸ் விதிகள் மிச்சம் வைக்கும் வழி என்ன? நான் மட்டும் முதலில் போக வேண்டும். செப்டெம்பரில் சேர்ந்து, பெப்ரவரிச் சம்பளம் வரைக்கும் சீட்டுகளைச் சேர்த்து, மார்ச்சில் விண்ணப்பித்து, வெளிநாட்டிலிருந்து செய்யும் விண்ணப்பத்துக்கு அவர்களே சொல்கிற பன்னிரண்டு வாரத்தையும் கடந்தால் கணவர் வந்து சேர ஜூன் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒரு பள்ளி ஆண்டு. அதுவரைக்கும் மகள் யாரோடு? என்னோடு வந்தால் விடிய எழும்பி அவளை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்ற கேள்வி, படி ஏற முடியாத அம்மம்மாவிடம் ஏழு வயதுப் பிள்ளையை ஒப்படைக்க முடியாது. கணவரோடு விட்டால் ஃபோனில்தான் பிள்ளை வளர்க்க வேண்டும். இந்த விதியால் இப்படிப் பிரிந்து வாழும் வீடுகளுக்கு 'ஸ்கைப் குடும்பங்கள்' என்ற பெயரே வந்துவிட்டது. 2015இல் இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளருக்காகச் செய்த ஆய்வு 15,000 பிள்ளைகள் வரை இதில் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னது. அப்போது எல்லை 18,600தான்.

இப்போது அந்த மாற்று வீதக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். வெளிநாட்டுக் காசில் வரும் வருமானத்தை, விண்ணப்பம் போடும் அன்றைக்கு ஓண்டா என்ற நாணய மாற்று இணையத்தளம் காட்டும் முடிவு விலையில் பவுணாக்க வேண்டும் என்பது விதி. உழைத்த மாதத்து விலையும் இல்லை, ஆறு மாதச் சராசரியும் இல்லை, அந்த ஒரு நாள் விலை. 2022இன் தொடக்கத்தில் ஒரு பவுண் ஏறத்தாழ 270 ரூபாய். மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை விட்டது, மே மாதம் பவுண் 450ஐ ஒட்டி நின்றது. கொழும்பில் மாதம் ஐந்து இலட்சம் உழைத்த ஒருவரை எடுங்கள். பெப்ரவரியில் விண்ணப்பித்திருந்தால் ஆண்டுக்கு 22,000 பவுண்ஸுக்கு மேல், அன்றைய 18,600ஐத் தாராளமாகத் தாண்டுவார். அதே ஆள், அதே வேலை, அதே ஐந்து இலட்சத்தோடு மே மாதத்தில் விண்ணப்பித்திருந்தால் 13,000 சொச்சம், கதை முடிந்தது. பொருளாதாரம் விழுந்து, காலிமுகத்திடலில் சனம் போராட்டக் கூடாரம் அடித்து இருந்த நாட்கள் அவை. எரிவாயு வரிசையில் நின்று களைத்தவருக்கு, நீ லண்டனில் குடும்பம் நடத்த இலாயக்கில்லை என்று சொல்வதற்கு அந்த மாற்று வீதம் என்ன சாட்சி? அவர் லண்டனில் ரூபாயிலா வாடகை கட்டப் போகிறார்?

கடதாசிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் யாரும் இவற்றைத் திரட்டியிருக்க மாட்டீர்கள். முதலாளியின் கடிதத்தில் வேலையில் இருப்பதும் ஆண்டுச் சம்பளமும் இருக்க வேண்டும், எவ்வளவு காலமாக வேலை, இந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தரமா ஒப்பந்தமா என்பவையும் இருக்க வேண்டும். இங்கே பாடசாலைகளில் எழுதித் தரும் கடிதமோ, இவர் நன்னடத்தை உள்ளவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்றுதான் இருக்கும். அலுவலகத்தில் இருக்கும் அக்காவுக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில் அவர் தலை நிமிர்ந்து, "இதெல்லாம் எழுதினாப் பிறகும் விசா தராட்டி என்ன செய்வீங்க ரீச்சர்?" என்று கேட்டார், பிறகு தானே மனம் கேட்காமல் அந்த நன்னடத்தை வரியையும் கீழே சேர்த்துவிட்டார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாங்கில் இன்னொரு கூத்து. அவர்களுடைய மின் ஸ்டேட்மென்டின் அடியில், இது கணினியில் தயாரிக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்று அச்சடித்திருக்கும். விதி கேட்பதோ, பாங்க் தானே உறுதிப்படுத்தும் ஒரு கடிதம், அல்லது பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. கையொப்பம் தேவையில்லை என்று எழுதிய தாளில் ஏன் முத்திரை கேட்கிறீர்கள் என்று கவுண்டரில் இருந்த தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

இந்தியாவிலும் வளைகுடாவிலும் வேலை செய்பவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல். சென்னையில் ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் பாதியாக இருந்தாலே பெரிய விஷயம், மிச்சமெல்லாம் வீட்டு வாடகைப் படி, பயணப் படி, சிறப்புப் படி என்று பிரிந்து கிடக்கும். வரிக்காக அப்படிப் பிரிப்பது அங்கே வழக்கம், எல்லாம் சேர்த்துத்தான் சம்பளம் பேசுவார்கள். துபாயிலும் தோஹாவிலும் வீட்டுப் படியும் போக்குவரத்துப் படியும் தனித்தனி வரி. எஃப்எம்-எஸ்ஈ விதியோ தங்குமிடப் படியும் பயணப் படியும் வருமானமாகாது என்கிறது. சுவிண்டனிலிருந்து எடின்பரோவுக்கு வேலையாகப் போய் ஹோட்டலில் தங்குபவரை மனதில் வைத்து எழுதிய வரியாகத்தான் அது எனக்குத் தெரிகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி சென்னைச் சீட்டைப் படித்தால், முப்பத்தைந்து இலட்சம் வாங்குகிறவர்கூட இருபது இலட்சக்காரர் ஆகிவிடலாம்.

அடுத்தது என் கணவர். அவர் என்னைவிடக் கூட உழைக்கிறார், மாதம் நான்கு இலட்சம். லண்டனில் கணக்காளருக்கு வேலை இல்லாமல் போகாது. ஆனால் வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது அவருடைய இப்போதைய சம்பளமும், நாளைக்கு அங்கே கிடைக்கப் போகிற சம்பளமும் கணக்கில் சுழியம். அவர் வந்து இறங்கி, வேலை செய்து, முதல் விசா முடிந்து நீட்டிக்கும்போது மட்டும் அதே சம்பளம் கணக்கில் வருமாம். வந்த பிறகு இவருடைய உழைப்பும் குடும்பத்துக்குத்தான் என்று ஒத்துக்கொள்கிறவர்கள், வருவதற்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை, படித்தவர், கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார் என்று நினைக்கிறார்கள் போல.

வரி கட்டுபவர் தலையில் பாரம் விழக் கூடாது என்பதுதான் இந்த விதிக்கு அரசாங்கம் சொல்லி வரும் முக்கியமான காரணம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் கணவன்–மனைவி விசாவில் வருபவருக்கு அரச உதவிப் பணம் கேட்க உரிமையே இல்லை என்று விசாவிலேயே நிபந்தனை போடுகிறீர்கள். மருத்துவத்துக்கு என்று ஆண்டுக்கு 1,035 பவுண்ஸ் வீதம், முதல் விசாவுக்கு 3,105 முன்கூட்டியே வாங்குகிறீர்கள். 2025 ஏப்ரலில் உயர்த்திய விண்ணப்பக் கட்டணம் 1,938. கூட்டினால் 5,043 பவுண்ஸ், என் கணக்கில் இருபது இலட்சம் ரூபாய், எட்டு மாதச் சம்பளம். மறுத்துவிட்டால் மருத்துவக் காசு திரும்பும், விண்ணப்பக் காசு போனது போனதுதான். இதில் யார் யாருக்குப் பாரம்?

இன்னொன்றும் சொல்கிறேன், தவறாக எடுக்காதீர்கள். நான் லண்டனுக்குத் திரும்பி, பாடசாலை வேலையை வேண்டாம் என்று சொல்லி, வாரம் 35 மணித்தியாலம் அம்மாவைப் பராமரித்து, தகுதி இருந்து பராமரிப்பாளர் கொடுப்பனவும் கிடைத்தால், எனக்கு இந்த 29,000 விதியே இல்லை. குடும்பம் நடத்தப் போதுமான காசு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அந்த விலக்கு நியாயமானது, அதை எடுத்துவிடச் சொல்லவே மாட்டேன். ஆனால் கொடுப்பனவு வாங்குபவர் கணவரை எப்படி வைத்துப் பார்ப்பார் என்று யோசிக்கத் தெரிந்த விதிக்கு, நாற்பதாயிரம் பவுண்ஸ் வேலையைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லையே.

சேமிப்பைக் காட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். முடியும். சம்பளத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் 88,500 பவுண்ஸ் ஆறு மாதம் கையில் இருக்க வேண்டும். மூன்றரைக் கோடி ரூபாய். மேலே கதைக்க ஒன்றுமில்லை.

கடந்த 2025 ஜூனில் குடிவரவு ஆலோசனைக் குழு, பேராசிரியர் பிரையன் பெல் தலைமையில், இந்த எல்லையைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 23,000 முதல் 25,000 வரை வைத்தால் முழுநேரம் குறைந்தபட்சக் கூலிக்கு வேலை செய்பவரும் தன் துணையை அழைக்கலாம் என்று அதில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். அப்போதைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி 2023 டிசம்பரில் அறிவித்த 38,700 பவுண்ஸ் எல்லை மனித உரிமைக் கடமைகளோடு மோதும் என்றும் எச்சரித்தார்கள். நல்ல அறிக்கைதான். நீங்களும் தொகையைக் குறைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பீர்கள், கொடுங்கள். ஆனால் 23,000 என்றாலும் அது இங்கே ஆண்டுக்கு 92 இலட்சம் ரூபாய். ஈஸ்ட்ஹாமில் கடையில் நிற்கும் தம்பிக்கு அந்தக் குறைப்பு வாழ்வு கொடுக்கும், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்து திரும்ப நினைப்பவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் பிரச்சினை தொகையில் இல்லை. ஏழை நாட்டில் உழைத்த காசைப் பணக்கார நாட்டுக் காசில் அளப்பதுதான் எங்கள் பிரச்சினை.

தீர்வை நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. 2017 பெப்ரவரி 22இல் உச்ச நீதிமன்றம் எம்எம் (லெபனான்) என்ற வழக்கில், குறைந்தபட்ச வருமான விதி கொள்கையளவில் செல்லும், ஆனால் பிள்ளைகளின் நலனைப் பார்க்கும் கடமை விதியில் சரியாக இல்லை, வேறு நம்பகமான வருமானங்களைப் பார்க்காமல் ஒதுக்குவதையும் திரும்ப யோசிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டு ஆகஸ்டில் எஃப்எம்-எஸ்ஈயில் 21ஏ என்று ஒரு பந்தி சேர்த்தார்கள். நம்பகமான எதிர்கால வருமானம், அது ஸ்பொன்சருடையதோ விண்ணப்பிப்பவருடையதோ, அதைப் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. மூன்றாம் ஆள் ஒருவரின் உறுதியான உதவியையும் பார்க்கலாம். நான் கேட்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே எழுதியிருக்கிறது! ஆனால் மறுத்தால் குடும்ப வாழ்வுக்கு நியாயமில்லாத கொடுமை நேரும் என்று முதலில் காட்டினால்தான் அந்தக் கொல்லைப்புறக் கதவு திறக்கும். அப்படி நுழைந்தவருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து ஆண்டுக்குப் பதிலாகப் பத்து ஆண்டுப் பாதை. உறுதியான வேலைக் கடிதத்தோடு வருகிறவர் தன் வாழ்க்கையைக் கொடுமை என்று நிரூபித்துக் காட்ட வேண்டிய தேவை என்ன?

எங்கள் சனத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறது, அதனால் இது இன்னும் உறுத்துகிறது. ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தி மகன் மனைவியைக் கூப்பிட்டபோது கனடா இப்படி ஒரு வருமான எல்லையே கேட்கவில்லை. கணவன்–மனைவிக்குப் பொதுவாக அங்கே அது கிடையாது, அரச உதவிப் பணத்தில் வாழக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள்தான். அமெரிக்காவில் எல்லை உண்டு, வறுமைக் கோட்டின் 125 சதவீதம். ஆனால் சம்பளம் போதாவிட்டால் மாமாவோ நண்பரோ சேர்ந்து கையெழுத்துப் போடலாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். திரும்பி வரும் பிரஜைக்குப் பிரித்தானிய வேலை உறுதியாக இருந்தால், வெளிநாட்டில் அவர் வேலையில் இருந்தார் என்பதை மட்டும் பாருங்கள், எவ்வளவு பவுணுக்கு என்று பார்க்க வேண்டாம் என உள்துறை அமைச்சருக்கு எழுதுங்கள். அது பெரிது என்றால், குறைந்தது மாற்று வீதத்தை ஆறு மாதச் சராசரியாக்கச் சொல்லுங்கள். நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் ஒரு கேள்வி போடுங்கள். பிரித்தானிய வேலைக் கடிதம் கையில் இருந்தும் வெளிநாட்டுச் சம்பளம் போதாமல் எத்தனை பேரை மறுத்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், 21ஏ பந்தியில் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்த எண்கள் அவர்களிடம் இல்லை என்று பதில் வந்தாலும் பரவாயில்லை, அந்தப் பதிலை எங்களுக்கு அனுப்பி வையுங்கள். மாற்று வீதத்தையும் படிகளையும் பற்றி உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன், அதுதான் என் தொழில்.

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன பாடசாலை செப்டெம்பருக்கு ஆள் வேண்டும் என்கிறது. அதற்கு முன்னால் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கொழும்பிலிருந்து ஒரு கணித ரீச்சர்